ஒரு பிடி அரிசி

மனைவி இறந்து பதினோரு மாதம் கழித்து, மட்டக்களப்பு மாமாங்கத்தில் கதிர்காமப் பாத யாத்திரைக் குழு ஒன்றோடு இணைந்தேன். பக்தியைவிட, மாலையில் வீட்டுக்குள் நுழையப் பிடிக்காததே அதற்குக் காரணம். குழுவில் சிலர் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் வழியாக, ஏறக்குறைய ஒரு மாதமாக நடந்தே வந்திருந்தார்கள். அவர்களுள் ஒருவர், வன்னியைச் சேர்ந்த அறுபது வயது கடந்த அம்மா. யாத்திரையில் எல்லோருக்கும் 'சாமி' என்பதே பெயராதலால், அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. அவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குப் பதில் சொல்லிக் களைத்திருந்த எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

உகந்தை முருகனை வணங்கிக் காட்டுக்குள் இறங்கிய பின் கடை கிடையாது. அரிசியும் பருப்பும் அவரவர் தலைச்சுமை. குமண வெயிலில் நான் போத்தலை அண்ணாந்து கவிழ்த்தபோது, "ஒரேயடியாய்க் குடியாதேங்கோ சாமி, தொண்டையை நனையுங்கோ" என்று அந்த அம்மா அதட்டினார். அன்றிரவு கும்புக்கன் ஆற்றங்கரையில் தம் சோற்றில் பாதியை என் தட்டில் போட்டார். மறுத்தேன்.

"ரெண்டு பேருக்கு அரிசி போட்டுக் கை பழகிப்போச்சு. மகன் 2009இல போயிட்டான், கை குறையுதில்லை. வீட்டில எண்டா மிச்சம் காகத்துக்கு. இஞ்ச ஒரு சாமிக்கு."

எனக்கோ ஒருவருக்கு அளந்து போட மனம் வராமல், பதினோரு மாதமாக அடுப்பே எரியவில்லை. அதை முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் கூறாமல் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் தண்ணீர் வழங்கிய இளம் படைவீரர் ஒருவர், சிங்களத்தில் "அம்மே" என்றழைத்து அவருடைய போத்தலை நிரப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வெகுதூரம் பேசாமல் நடந்தவர், "மகன்ர வயசுதான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லில் கோபம் இருந்ததா, இரக்கம் இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டையும் பிரிக்க முயல்வது தவறு என்றே இப்போது நினைக்கிறேன்.

கடைசி இரவு அவருடைய பாதம் கொப்பளித்திருந்ததால் நான் சமைத்தேன். சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. இரண்டு வாய் உண்டு, "தண்ணி கூடிப்போச்சு" என்றார். ஆனால் தட்டை வழித்தே வைத்தார்.

கதிர்காமத்தில் பூசகரான கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார்; சந்நிதியில் திரை மட்டுமே தெரியும். அந்தத் திரைக்கு முன்னால் 'அரோகரா' சொல்லக்கூட எழாமல் நெடுநேரம் அழுதேன். வெளியே வந்து மாணிக்க கங்கைக் கரையில் அவரைத் தேடினேன். நெரிசலில் காணவில்லை. அவருடைய சோற்றுப் பானை மட்டும், நான் கழுவுவதாக வாங்கியது, என் பையிலேயே தங்கிவிட்டது.