கவுன்சிலருக்குப் பத்தாயிரம்: அதிகமா, கம்மியா?

குகைக்காரன்:
நேத்து டீக்கடையில ஆரம்பிச்ச சண்டைங்க, இங்க வந்து முடிச்சுக்கலாம்னு பார்க்கறேன். சேலம் மாநகராட்சியில 60 வார்டு. 2023 ஜூலையில இருந்து கவுன்சிலருக்கு மாசம் 10,000 மதிப்பூதியம், துணை மேயருக்கு 15,000, மேயருக்கு 30,000. முன்னாடியெல்லாம் கூட்டத்துக்கு வந்தா அமர்வுப்படி, அவ்வளவுதான். 'சேவை செய்ய வாய்ப்புக் குடுங்க'ன்னு கும்பிட்டு வந்தவங்களுக்கு எதுக்கு மாசச் சம்பளம்? என் மச்சான் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில முதுகு நிமிராம கொலுசு செய்யறான். ஆர்டர் இல்லாத வாரம் அவனுக்குக் கூலி கிடையாது.

அஸ்தம்பட்டி அக்கா:
சேவை செய்யறவங்களுக்கு வயிறு கிடையாதா தம்பி? இங்கிலாந்துல 1911 வரைக்கும் எம்.பி.க்குச் சம்பளமே இல்லை. சொத்து இருந்தவன்தான் சபைக்குப் போனான். இங்க பாதி வார்டு பெண்களுக்கு. கூலிக்குப் போற ஒருத்தி கவுன்சிலரானா, வேலையை விட்டுட்டு உங்க தெருக் குழாய்க்கு அலையணும். அவ வீட்டு அடுப்பு எப்படி எரியும்?

குகைக்காரன்:
இப்ப மட்டும் கூலிக்காரியா நிக்கறாங்க? எங்க வார்டுல நின்ன எல்லாருமே ஸ்கார்பியோ பார்ட்டி. 10,000 அவங்களுக்கு டீசல் காசு.

ரிட்டயர்டு வாத்தியார்:
கவுன்சிலரை விடுங்க, மேல பாருங்க. 2017ல எம்.எல்.ஏ. சம்பளத்தை 55,000ல இருந்து 1,05,000 ஆக்கினாங்க. அறிவிச்சவர் நம்ம எடப்பாடிக்காரர்தான், அப்ப முதல்வர். அதுல அடிப்படைச் சம்பளம் 30,000தான். மிச்சமெல்லாம் படி: தொகுதிப்படி 25,000, வண்டிப்படி 25,000, போனுக்கு 7,500 இப்படி. மசோதா சபைக்கு வந்தது 2018 ஜனவரியில, ஊரெல்லாம் பஸ் ஸ்டிரைக்ல தவிச்ச அதே வாரம். அரசியல் சட்டத்தோட 195ஆவது பிரிவுபடி அவங்க சம்பளத்தை அவங்க சபையே தீர்மானிக்கலாம். எனக்கு அந்த வசதி இருந்திருந்தா நானும் ரெண்டு இன்க்ரிமென்ட் போட்டிருப்பேன்.

இதே ஊர் நகராட்சியில 1917ல தலைவரா இருந்த ராஜாஜி, 1937ல சென்னை மாகாணப் பிரதமரானார், இப்ப முதல்வர் மாதிரி. அப்ப காங்கிரஸ் மந்திரிங்களுக்குச் சம்பளம் 500 ரூபாய்.

அஸ்தம்பட்டி அக்கா:
சார், 1937ல 500 ரூபாய் என்ன சின்னக் காசா?

மலை மிளகு:
நான் ஏற்காட்டுக்கு மேல. எங்க பெரியப்பா ஒரு ஊராட்சிக்குத் தலைவரா இருந்தார், அப்ப மதிப்பூதியம் மாசம் 1,000. கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங்னா விடிகாலை கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, இருட்டினப்புறம் வீடு வரணும். கடைசி பஸ் போயிட்டா வாடகை ஜீப்தான்.

கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வச்சிருந்தார். 'சாவு, மேலத்தெரு, 500. காதுகுத்து 300. சேர்வராயன் கோயில் திருவிழா, தண்ணிப் பந்தல் 2,000. மோட்டார் காயில் கட்டினது, பில் இன்னும் வரலை, கைக்காசு.' அடுத்த பக்கத்துல பெரியம்மா தோடு அடகு வச்ச தேதி. பதவி முடிஞ்சும் அந்த அடகை மீட்கலைங்க.

2025 ஜனவரியில ஊராட்சிப் பதவிக்காலமெல்லாம் முடிஞ்சப்ப, தலைவர் இடத்துக்குத் தனி அலுவலர்னு ஒரு அரசு அதிகாரி வந்தார். அவருக்கு முழுச் சம்பளம், யாரும் ஒரு கேள்வி கேட்கலை.

குகைக்காரன்:
உங்க பெரியப்பா மேல மரியாதை உண்டுங்க. ஆனா மொய் வைக்கச் சொன்னது யாரு? அடுத்த எலெக்ஷனுக்குப் போட்ட முதல்தானே அது?

மலை மிளகு:
வைக்காம வந்து பாருங்க. 'தலைவராயிட்டான், கண்ணு தெரியலை'ம்பாங்க. கேட்கறது நாம, வாங்கறது நாம.

அஸ்தம்பட்டி அக்கா:
என் ஆத்திரமே வேற. ஆயிரம் வாங்கினவர் நோட்டு எழுதியிருக்கார். மாசாமாசம் 25,000 தொகுதிப்படி வாங்கறவங்க அந்த மாதிரி ஒரு நோட்டை ஊருக்குக் காட்டட்டும். அப்புறம் ரெண்டு லட்சம் குடுத்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன்.

ரிட்டயர்டு வாத்தியார்:
ரெண்டு லட்சத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா. நோட்டுக்குப் போடறேன்.

குகைக்காரன்:
சாயங்காலம் எங்க வார்டு ஆளைப் பார்த்தேன். 'அண்ணே, செலவு நோட்டு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?'ன்னேன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துட்டு, 'எவ்வளவு வேணும்?'னு கேட்டார்.