பி3₁21-இல் ஸ்கேல் ஆகிறது, ஃபேசரில் தீர்வு இல்லை: ட்வின்னிங்தானா?

கேள்வி:

வணக்கம். 48 கிலோடால்டன் புரதத்தின் படிகம், 2.3 ஆங்ஸ்ட்ராம் எக்ஸ்-ரே டேட்டா. செல் ஏ = பி = 72.0, சி = 98.0 ஆங்ஸ்ட்ராம், காமா 120 டிகிரி. சமச்சீரைக் கண்டுபிடிக்கும் பாயிண்ட்லெஸ் நிரல் 321 என்கிறது. 00எல் வரிசையில் எல் மூன்றால் வகுபடும் புள்ளிகள் மட்டுமே இருப்பதால் ஸ்பேஸ் குரூப் (படிகச் சமச்சீர் வகை) பி3₁21 அல்லது பி3₂21 என்று எடுத்துக்கொண்டேன். ஆர்-மெர்ஜ் (சமமாக இருக்க வேண்டிய செறிவுகளின் வேறுபாடு) 9.8%, இரட்டை அச்சு இல்லாத பி3₁-இல் ஸ்கேல் செய்தால் 6.1%. ஒத்த மாடலைச் செல்லில் பொருத்தும் ஃபேசரில் வரும் தீர்வுகள் எல்லாம் பேக்கிங்கில் (மூலக்கூறுகள் மோதிக்கொள்வதால்) அடிபடுகின்றன. டேட்டாவைச் சோதிக்கும் எக்ஸ்ட்ரயேஜ் தரும் எண்கள்: செறிவுகளின் இரண்டாம் மொமென்ட் 1.56, எல்-சோதனையில் |எல்| சராசரி 0.39, எல்² சராசரி 0.216. ஆனால் அது காட்டும் ஒரே ட்வின் லா (ஒரே படிகத்தில் இரு திசைகளில் வளர்ந்த டொமைன்களை இணைக்கும் சமச்சீர்ச் செயல்) -ஹெச்,-கே,எல், ஆல்ஃபா (சிறிய டொமைனின் பங்கு) 0.11தான். இவ்வளவு சின்ன ஆல்ஃபாவுக்கு எல்-சோதனை ஏன் இப்படி விழுகிறது?

பதில் 1:

முதலில் மாத்யூஸ் எண்ணை, அதாவது ஒரு டால்டனுக்கு எத்தனை கன ஆங்ஸ்ட்ராம் இடம் என்பதை, போட்டுப் பாருங்கள். செல்லின் கன அளவு சுமார் 4,40,000 கன ஆங்ஸ்ட்ராம். பி3₁21 என்றால் அதை ஆறாகப் பிரிக்க வேண்டும். ஒரு டால்டனுக்கு 1.53 வருகிறது. நீர் 20 சதவீதம்தான். இந்தப் புரதம் அதற்குள் அடங்காது. பேக்கிங் அடிபடாமல் என்ன செய்யும்? பி3₁ என்றால் 3.05, நீர் 60 சதவீதம், ஒரே மூலக்கூறு தாராளமாக இருக்கும். அந்த இரட்டை அச்சு படிகத்தில் இல்லை, ட்வின்னிங் உண்டாக்கிய தோற்றம்.

ட்வின்னில் தொடர்பில்லாத இரண்டு செறிவுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஒன்று மங்கலாக இருந்தால் மற்றது ஈடுகட்டிவிடும். மிக மங்கலானவையும் மிகப் பிரகாசமானவையும் எண்ணிக்கையில் குறைந்துபோகும். அதனால் இரண்டாம் மொமென்ட் 2.0-இலிருந்து 1.5-க்கும், |எல்| 0.5-இலிருந்து 0.375-க்கும், எல்² 0.333-இலிருந்து 0.2-க்கும் இறங்கும். உங்கள் எண்கள் கிட்டத்தட்ட அடிமட்டத்தில் இருக்கின்றன.

ஆனால் இதை வைத்து உண்மையான ஆல்ஃபாவைச் சொல்ல முடியாது. 321-இல் மெர்ஜ் செய்தபோதே ட்வின் ஜோடிகளைச் சராசரியாக்கிவிட்டீர்கள். 0.2 ட்வின்னையும் அப்படி மெர்ஜ் செய்தால் பாதிக்குப் பாதியாகத்தான் தெரியும்.

அந்த 0.11-ஐ நம்பாதீர்கள். ட்வின் ஜோடிகளின் செறிவு வேறுபாட்டை ஒப்பிடும் ஹெச்-சோதனை, 0.5-இலிருந்து |ஹெச்| சராசரியைக் கழித்து ஆல்ஃபா சொல்கிறது. உங்கள் செறிவுகளின் ஏற்ற இறக்கம் ஏற்கெனவே அடங்கிவிட்டதால், சம்பந்தமே இல்லாத இரண்டு ரிஃப்ளெக்ஷன்களை ஒப்பிட்டாலும் 0.39 வரும்; மிச்சம் 0.11. எல்-சோதனையில் வந்த அதே 0.39தான் இது. மெர்ஜ் செய்யாத டேட்டாவிலிருந்து பி3₁-இல் மறுபடி ஸ்கேல் செய்து, மூன்று ட்வின் லாவுக்கும் ஆல்ஃபா பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

செய்தேன். கே,ஹெச்,-எல்-க்கு ஹெச்-சோதனை 0.42, பிரிட்டன் என்ற இன்னொரு சோதனையில் 0.41. மற்ற இரண்டுக்கும் 0.12. டிட்வின் செய்துவிட்டு (இரு டொமைன்களின் செறிவுகளைக் கணக்கில் பிரித்துவிட்டு) ஃபேசருக்குக் கொடுக்கலாமா?

பதில் 2:

வேண்டாம். டிட்வின் செய்ய 1 − 2 ஆல்ஃபாவால் வகுக்க வேண்டும். உங்களுக்கு அது 0.16. ஒவ்வொரு செறிவின் பிழையும் சுமார் நாலரை மடங்காகும். இருக்கிற டேட்டாவையே பி3₁, பி3₂ இரண்டிலும் கொடுங்கள். ஒரே பிரதியைத் தேடச் சொல்லுங்கள். சுழற்சித் தேடலில் ஏறக்குறைய சமமான இரண்டு உச்சங்கள் வரலாம். இரண்டு டொமைனும் ஆளுக்கு ஒன்றைத் தருகின்றன. ஒன்றை மட்டும் எடுங்கள்.

ஆர்-ஃப்ரீ தொகுப்பை (மாடலைச் சோதிக்க ஒதுக்கி வைக்கும் ரிஃப்ளெக்ஷன்களை) ரிஃபைன்மென்ட் தொடங்கும் முன்பே 622 சமச்சீரில் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஒரு ரிஃப்ளெக்ஷன் ஃப்ரீயிலும் அதன் ட்வின் ஜோடி ரிஃபைன்மென்ட்டுக்கான வொர்க்கிலும் போய் விழும். பிறகு ஆர்-ஃப்ரீக்கு அர்த்தமே இல்லை. ரெஃப்மேக் என்ற ரிஃபைன்மென்ட் நிரலில் ட்வின் என்ற ஒரு சொல் போதும், ஆல்ஃபாவை அதுவே கணக்கிடும். ஃபீனிக்ஸில் ட்வின் லாவை நீங்கள் தர வேண்டும். தந்ததும் அது லீஸ்ட் ஸ்கொயர்ஸுக்கு மாறிவிடும் என்பதால், மாடல் ஓரளவு சரியாகும்வரை லா இல்லாமலே ஓட்டுவது நல்லது.

லா சேர்த்ததும் ஆர் (மாடலுக்கும் டேட்டாவுக்கும் உள்ள வேறுபாடு) சடாரென்று இறங்கினால் அதையே சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ட்வின் இல்லாத டேட்டாவுக்குத் தாறுமாறான மாடல் சுமார் 0.59 தரும், முழு ட்வின்னை ட்வின்னாகவே ரிஃபைன் செய்தால் அதே தாறுமாறான மாடல் 0.4 அளவுக்கு வந்துவிடும். மேப்பும் மாடலின் பக்கமே சாயும். ஒரு டிரிப்டோஃபேனையும் பக்கத்து நாலைந்து அமினோ அமிலங்களையும் நீக்கி ரிஃபைன் செய்யுங்கள். அந்த இரட்டை வளையம் தானாகத் திரும்பி வருகிறதா பாருங்கள்.

பதில் 3:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெச்-சோதனையில் 0.46, ஆனால் |எல்| 0.49 என்றால் அது ட்வின் இல்லை. நிஜமான சமச்சீரைக் குறைத்து ஸ்கேல் செய்திருக்கிறீர்கள். எப்போதும் எல்-சோதனைதான் முதலில். அணுக்களுக்கு இடையிலான திசையன்களைக் காட்டும் பேட்டர்சன் மேப்பில் மூலத்துக்கு வெளியே 20 சதவீதத்துக்கு மேல் உச்சம் இருந்தால் மூலக்கூறுகள் வெறும் நகர்வால் ஒன்றையொன்று ஒத்திருக்கலாம். அது இரண்டாம் மொமென்ட்டை மேலே தூக்கி ட்வின்னை மறைக்கும். எல்-சோதனை ஹெச்,கே,எல்லில் பக்கத்துப் பக்கத்து ரிஃப்ளெக்ஷன்களை ஒப்பிடுவதால் அவ்வளவாக ஏமாறாது. சோதனைகளை 10 முதல் 3.5 ஆங்ஸ்ட்ராம் வரைக்குள் வையுங்கள். மங்கலான வெளி ஷெல்லின் இரைச்சல் எண்களைக் கெடுக்கும்.

இந்த ட்வின் போலரைசிங் மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. இரண்டு டொமைனுக்கும் ஒளியச்சு சி அச்சுதான், ஒன்றாகவே இருள்கின்றன. பி63-இல் வளரும் பாக்டீரியோரோடாப்சின் படிகங்களிலும் இதே சிக்கல் உண்டு. ஆல்ஃபா படிகத்துக்குப் படிகம் மாறும் என்பதால், அதே டிராப்பிலிருந்து இன்னும் ஐந்தாறு படிகங்களைப் பாருங்கள். பெரிய படிகமென்றால் சிறிய பீமை வேறொரு முனையில் வைத்துப் பாருங்கள். 0.2-க்குக் கீழே ஒன்று கிடைத்தால் ரிஃபைன்மென்ட்டை அந்த டேட்டாவில் செய்யுங்கள்.