தீவுக் கடற்கரை விடுமுறை: எந்தக் கரையில், எந்த மாதிரி அறை எடுப்பது?

அலையாத்தி கேட்டது:

ஏழு இரவு. பெரியவர்கள் மூன்று பேர், எட்டு வயதுப் பிள்ளை ஒன்று. மூவரில் ஒருவருக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். ஜூலைக் கடைசி, தேதியை ஒரு வாரம் முன்னே பின்னே தள்ளலாம். தீவு இன்னும் முடிவாகவில்லை. தினமும் கடலில் இறங்கிக் குளிக்க வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

இணையத்தில் படங்களைப் பார்த்தால் எல்லா ரிசார்ட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது: நீலத் தண்ணீர், சாய்ந்த தென்னை, ஒரு ஊஞ்சல். எதை வைத்துத் தரம் பிரிப்பது? கடலை ஒட்டிய அறைக்கும் 'கடற்கரைக்கு 5 நிமிட நடை' என்று போட்டிருக்கும் அறைக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கொடுக்கலாமா? ஏழு இரவையும் ஒரே இடத்தில் எடுப்பதா, இரண்டாகப் பிரிப்பதா?

---

வற்றுக்கடல் பதில்:

அறையைக் கடைசியில் பாருங்கள். முதலில் மாதம், அடுத்து காற்று எந்தக் கரையில் அடிக்கிறது, அதற்கு அடுத்து ஏற்ற வற்றம், அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவது. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் சுமாரான அறைகூட நன்றாகவே தோன்றும். அமையாவிட்டால் வராந்தாவில் உட்கார்ந்து சிவப்புக் கொடியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஜூலையில் பூமத்திய ரேகைக்கு வடக்கே, இந்தியப் பெருங்கடல் பக்கம் தென்மேற்குக் காற்று. மேற்கையும் தெற்கையும் பார்த்த கரைகள் அடி வாங்கும். கிழக்குக் கரை மறைவில் கிடக்கும். இலங்கையில் மிரிஸ்ஸ, ஹிக்கடுவைப் பக்கம் கடல் கொந்தளிக்கும் அதே வாரத்தில் நிலாவெளியும் பாசிக்குடாவும் அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை அப்படியே தலைகீழ். தாய்லாந்திலும் இதே கதைதான். மேற்கே இருக்கும் புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழையும் அலையும். கிழக்கு வளைகுடாவில் இருக்கும் சாமுய்க்குப் பெருமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை, நவம்பரில் உச்சம். அந்தமானுக்கு ஜூலை சரிப்படாது. 'சீசன் இல்லாததால் விலை குறைவு' என்று ஒரே தீவின் இரண்டு கரைக்கும் பொதுவாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

ரேகைக்குத் தெற்கே ஜூலையில் தென்கிழக்குக் காற்று. பாலிக்கு அது வறண்ட காலம். கிழக்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவிலும் மழை குறைவு, ஆனால் கிழக்குக் கரையான பாஜேயில் காற்று விடாமல் அடிக்கும். பட்டம் கட்டிச் சறுக்குகிறவர்கள் தேடிப் போகிற கடல் அது, பிள்ளையை இறக்குகிற கடல் அல்ல.

தீவின் நடுவில் உயரமான மலை இருந்தால் மழைக் கணக்கே வேறு. ஹவாய்ப் பெருந்தீவில் காற்று மோதும் பக்கமான ஹிலோவில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. மலைக்கு மறுபுறம் கோஹாலா கரையில் சுமார் 250 மி.மீ.தான். 'அந்தத் தீவில் மழை எப்படி?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. 'அந்தக் கரையில் எப்படி?' என்று கேட்க வேண்டும்.

இனி வற்றம். படங்கள் எல்லாமே கடல் ஏறியிருக்கும்போது எடுத்தவை. சான்சிபார் கிழக்குக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மட்டம் 3 முதல் 4 மீட்டர் வரை ஏறி இறங்கும். கரை தட்டையாக இருப்பதால் தண்ணீர் பல நூறு மீட்டர் பின்வாங்கிவிடும். அதே தீவின் வடமுனையில் நுங்வி, கெண்ட்வாவில் நாள் முழுக்கக் குளிக்கலாம். அந்தமானின் ஹேவ்லாக்கிலும், ரிசார்ட்டுகள் வரிசையாக இருப்பது பெரும்பாலும் கிழக்குக் கரையில். வற்றத்தில் அங்கே பாறையும் செத்த பவளமும் தலைகாட்டும். குளிக்க மேற்குக் கரை ராதாநகருக்கு வண்டி பிடிக்க வேண்டும்.

நீங்கள் தேதியை நகர்த்தலாம் என்பது பெரிய வசதி. வற்றம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆனால் ஒரு குறிப்பிட்ட கரையில் அமாவாசை, பௌர்ணமி வற்றம் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். அட்டமியை ஒட்டிய நாள்களில் அது சுமார் 6 மணி நேரம் மாறியிருக்கும், ஏற்ற இறக்கமும் குறைவாக இருக்கும். (நாளுக்கு இரண்டு வற்றம் வரும் கரைகளுக்கு இந்தக் கணக்கு.) ஏற்ற வற்ற நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை இணையத்தில் இலவசம். காலை 8 முதல் 11, மாலை 4 முதல் 6 — இந்த இரண்டு நேரத்திலும் தண்ணீர் எத்தனை நாள் கிடைக்கிறது என்று ஏழு நாளுக்கும் எண்ணிப் பாருங்கள்.

---

மேலிருந்துபார் பதில்:

வற்றுக்கடல் சொன்னதைச் சாட்டிலைட் படத்தில் சரிபார்க்கும் வழி இது. ஒரு ரிசார்ட்டுக்குப் பத்து நிமிடம் போதும்.

கூகுள் எர்த்தைக் கணினியில் திறந்து பழைய படங்களையும் தள்ளிப் பாருங்கள். ஒரே கரை ஏற்றத்தில் எடுத்ததும் வற்றத்தில் எடுத்ததும் கிடைக்கும். மணல் வருடத்துக்கு வருடம் குறைகிறதா என்பதும் தெரியும். கரையோரம் மணல்மூட்டை வரிசையோ கடலுக்குள் நீட்டிய கல்லணைகளோ இருந்தால் அங்கே அரிப்பு இருக்கிறது என்று அர்த்தம். மாலத்தீவு மாதிரிச் சிறு தீவுகளில் பருவக்காற்று மாறும்போது மணலே தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகரும். மார்ச் மாதத்துப் படத்தில் அகலமாக இருந்த மணல் ஜூலையில் அந்த இடத்தில் இருக்கும் என்று உறுதி இல்லை.

நிறத்தைப் படியுங்கள். வெளிர் நீலம் மணல் தரை. கரும்பச்சைத் திட்டு கடற்புல்லோ பவளமோ பாறையோ. மணலை ஒட்டியே அது தொடங்கினால் காலில் ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்க முடியாது. தூரத்தில் வெள்ளைக் கோடாக அலை உடைந்தால் அதுதான் பவளத்திட்டின் விளிம்பு. அதற்கு உட்புறம் பிள்ளைகளுக்கு ஏற்ற நீர். ஆனால் அந்த வெள்ளைக் கோடு ஓரிடத்தில் அறுந்து, கரு நீல வாய்க்கால் ஒன்று வெளியே போனால், உள்ளே வந்த தண்ணீர் அதன் வழியாகத்தான் இழுத்துக்கொண்டு கடலுக்குத் திரும்புகிறது. அந்த வாய்க்காலுக்கு நேர் எதிரே அறை எடுக்காதீர்கள். ஆற்று முகத்துவாரம் அருகில் இருந்தால் மழைக்குப் பின் தண்ணீர் கலங்கும். படகுகள் கொத்தாக நின்றால் அங்கே கடல் அமைதி, ஆனால் குளிக்க இடம் குறைவு, டீசல் வாடையும் உண்டு.

அண்மைய நிலவரத்துக்குச் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்கள் உண்டு. சுமார் 5 நாளுக்கு ஒருமுறை வரும், படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். அறை தெரியாது; கரையில் ஒதுங்கிய பாசிப் பட்டை தெரியும். கரீபியன் பக்கம் போகிறவர்களுக்கு இது அவசியம்: 2011இலிருந்து அங்கே சர்காசம் என்ற மிதக்கும் பழுப்புப் பாசி குவியல் குவியலாக ஒதுங்குகிறது, கிழக்கைப் பார்த்த கரைகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். மெக்சிகோவின் கோசுமெல் தீவின் மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிக்கும்.

'5 நிமிட நடை'க்கு: கூகுள் எர்த்தில் அளவுகோல் இருக்கிறது, அறைக் கட்டடத்திலிருந்து மணல்வரை அளந்துவிடுங்கள். 5 நிமிடம் என்பது 400 மீட்டர். காலையும் மாலையும் போய்வந்தால் நாளுக்கு 1.6 கி.மீ., ஈரத் துணியோடு, கொதிக்கும் தரையில். உங்கள் முழங்கால்காரருக்கு அது ஆகாது, வித்தியாசத்தைக் கொடுத்துவிடுங்கள். 'சீ வியூ' என்றால் கடல் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். குன்றின் மேலும் இருக்கலாம். 'பீச் ஆக்சஸ்' என்றால் வழி உண்டு, நடுவில் சாலையும் இருக்கலாம்.

---

மூட்டைமுடிச்சு பதில்:

காற்றும் ஓதமும் சரிங்க. ஆனா முழங்கால் வலிக்காரர் கூட வரும்போது வரிசையைத் தலைகீழா வைக்கணும். விமானத்திலிருந்து கட்டில்வரைக்கும் எத்தனை இடத்தில் கால் தூக்கணும் என்பதுதான் முதல் கேள்வி. ஃபெர்ரிக்கு மிதவை மேடை இருக்கா, இல்லை ஆடுற படகிலிருந்து எட்டிப் படியில் கால் வைக்கணுமா? சில தீவுகளில் படகு மணலிலேயே ஒதுங்கும். முழங்கால் தண்ணியில் இறங்கி நடக்கணும். அதை எந்த விளம்பரத்திலும் போடமாட்டாங்க.

மாலத்தீவு என்றால் கடல்விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். பிற்பகல் கடைசியில் மாலேயில் இறங்கினா அன்றிரவு அங்கேயே தங்கணும், ரிசார்ட்டில் ஒரு இரவு வீண். வேகப்படகு போகிற தூரத்தில் இருக்கிற தீவைப் பாருங்க. அங்கே ரிசார்ட் தீவு வேறு, மக்கள் வாழும் ஊர்த் தீவு வேறு. ஊர்த் தீவில் செலவு குறைவு. மது கிடையாது, நீச்சலுடைக்குத் தனிக் கரை ஒதுக்கியிருப்பாங்க.

பிரிக்கிறதைப் பற்றி: இடம் மாறும் நாள் பாதி நாள் போயிடும். பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு இங்கே காலி பண்ணினா அங்கே இரண்டு மூணு மணிக்குத்தான் சாவி. ஏழு இரவை 3 + 4 ஆகப் பிரிச்சா பரவாயில்லை, அதுக்குக் கீழே வேண்டாம். கடைசி இரவு மட்டும் இதுக்கு விதிவிலக்கு, என் கணக்கில் உங்களுக்கு 6 + 1. கடைசி இரவு விமான நிலையம் இருக்கிற பக்கம். ஏன்னா ஜூலைக் காற்றில் படகு ரத்தாகிறது சாதாரணம்.

---

அலையாத்தி:

மிக்க நன்றி. மூன்றாகக் குறைத்திருக்கிறேன்: (1) மாலத்தீவில் நீர்மேல் வில்லா, (2) நிலாவெளியில் கடலோர முதல் வரிசை, தரைத்தளம், (3) சாமுயில் குன்றின்மேல் வில்லா, தனிக் குளத்துடன். எதை முதலில் தள்ளலாம்?

---

வற்றுக்கடல் பதில்:

மூன்றாவதைத் தள்ளுங்கள். குன்று என்றாலே படி. சாமுய்க்கு ஜூலை நல்ல மாதம்தான், ஆனால் அந்த மாதங்களில் வளைகுடாவின் மட்டமே தாழ்ந்திருக்கும். தட்டையான கரைகளில் வற்றத்தின்போது வெகுதூரம் நடந்தாலும் முழங்கால் தண்ணீர்தான். சாமுய்தான் வேண்டுமென்றால் மணற்கரையிலேயே தரைத்தள அறை பாருங்கள்.

முதலாவதில் யோசிக்க வேண்டியது ஏணி. நீர்மேல் வில்லாவில் கடலுக்குள் இறங்குவது செங்குத்தான ஏணி வழியாகத்தான். பலவற்றில் மேடைக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. அதனால் சில இடங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள். ஜூலையில் அங்கேயும் தென்மேற்குக் காற்று. மேற்கு வரிசை வில்லாக்களின் அடியில் அலை தட்டும். மாலத்தீவுதான் என்றால் கிழக்குப் பக்கம் மணல்மேல் வில்லா கேளுங்கள்.

எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. இலங்கையில் ஏற்ற இறக்கம் அரை மீட்டரைச் சுற்றித்தான், ஆகவே வற்றத் தலைவலி இல்லை. புறாத்தீவு சுமார் 1 கி.மீ. தூரத்தில், பவளம் பார்க்க அங்கே போகலாம், தேசியப் பூங்கா என்பதால் நுழைவுச்சீட்டு வேண்டும். பிள்ளை இடுப்பளவுத் தண்ணீரிலேயே நாள் முழுக்க இருக்க வேண்டும் என்றால் பாசிக்குடா இன்னும் ஆழம் குறைவு.

ஒரு எச்சரிக்கை, இதைப் பலர் கவனிப்பதில்லை. மறைவுக் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கிழக்கிலங்கையில் ஜூலையில் வீசுவது கச்சான், வறண்ட சூட்டுக் காற்று. தண்ணீர் தட்டையாக இருப்பதைப் பார்த்துப் பிள்ளையைக் காற்றடைத்த மெத்தையில் ஏற்றிவிட்டால் நிமிடங்களில் நீங்கள் நீந்தி எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விடும். மிதவை பொம்மை எதுவும் வேண்டாம். உடலில் கட்டும் மிதவைச் சட்டை போதும். காற்று குறைவான காலை நேரமே நல்லது.

---

மேலிருந்துபார் பதில்:

அமைதியான கரைக்கு இன்னொரு விலையும் உண்டு: மணல் ஈ. 1 முதல் 3 மி.மீ.தான், சாதாரணக் கொசுவலைக்குள் நுழைந்துவிடும். விடியலிலும் அந்தியிலும் கடிக்கும், அலையாத்திக் காடு பக்கத்தில் இருந்தால் அதிகம் (உங்கள் பெயரைச் சொல்லவில்லை). லேசான காற்றிலேயே பறக்கத் திணறும், அதனால் வராந்தாவில் மின்விசிறி இருக்கிறதா என்று கேளுங்கள். பூச்சிவிரட்டி 20 முதல் 30 சதவீத டீட், அல்லது 20 சதவீத பிகாரிடின். வெயில் களிம்பு முதலில், அது காய்ந்த பிறகு விரட்டி.

ரிவ்யூக்களில் மதிப்பெண்ணைப் பார்க்காமல் ஜூலை, ஆகஸ்ட்டில் எழுதியதை மட்டும் வடிகட்டி 'ஜெனரேட்டர்', 'கட்டட வேலை', 'வாடை', 'உப்பு' என்று தேடுங்கள். கடைசிச் சொல் குழாய்த் தண்ணீருக்காக. கரையோரக் கிணறுகளில் வறண்ட மாதங்களில் உப்பு ஏறும்.

---

மூட்டைமுடிச்சு பதில்:

முன்பணம் கட்டுறதுக்கு முன்னால் விடுதிக்கு இதை எழுதிக் கேளுங்க, போனில் வேண்டாம்:

"அறை எண் அல்லது கட்டடத்தின் பெயர் என்ன? அறை வாசலிலிருந்து மணல்வரை எத்தனை மீட்டர், எத்தனை படி? குளியலறை வாசலில் படி உண்டா, பிடிக்கக் கம்பி உண்டா? மின்சாரமும் ஏசியும் 24 மணி நேரமும் உண்டா? ஜெனரேட்டர் அறைக்கும் சமையற்கூடத்துக்கும் எவ்வளவு தூரம்? நாங்கள் வரும் வாரத்தில் பக்கத்தில் கட்டட வேலை நடக்குமா? வற்றத்தின்போது அறைக்கு எதிரே குளிக்க முடியுமா? இன்று எடுத்த கரைப் படம் ஒன்று அனுப்ப முடியுமா?"

கடைசிக் கேள்விக்கு மூணு நாளில் படம் வராட்டி அடுத்த இடத்துக்குப் போயிடுங்க. இலவச ரத்து இருக்கிற விலையிலேயே எடுங்க. அந்தக் கெடு பெரும்பாலும் விடுதி இருக்கிற ஊரின் கடிகாரப்படி முடியும். அங்கே நள்ளிரவு தாண்டிட்டா உங்க ஊர்த் தேதி மாறாம இருந்தாலும் ஒரு இரவுப் பணம் பிடிச்சிடுவாங்க.