ஏழாம் வகுப்பில் ஒரு மீத்திறன் மாணவி: அரசுப் பள்ளியில் எப்படி உறுதி செய்வது, அதன்பின் என்ன செய்வது?

ஒன்றியப் பள்ளி கணக்கு வாத்தியார் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். சென்ற மாதம் ஏழாம் வகுப்பு ஆசிரியர் விடுப்பில் இருந்ததால், அந்த வகுப்புப் பிள்ளைகளையும் எட்டாம் வகுப்பு அறையிலேயே பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, எட்டாம் வகுப்புக்கு விகிதமுறு எண்கள் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். 3/4, 5/6 ஆகிய இரண்டுக்கும் இடையில் ஒரு பின்னம் சொல்லுங்கள் என்று கேட்டு, பகுதிகளைச் சமப்படுத்தும் முறையைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கியபோது, பின்வரிசையிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "எட்டின் கீழ் பத்து" என்றாள். மேலே இருப்பதை மேலே உள்ளதோடும், கீழே இருப்பதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறாள். பின்னக் கூட்டலில் எல்லாப் பிள்ளைகளும் செய்யும் வழக்கமான தவறு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 8/10 என்பது 0.8, கேட்ட இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஏன் அப்படி வரும் என்று கேட்டேன். "நாலு தம்ளர் தண்ணியில மூணு கரண்டி சர்க்கரை, ஆறு தம்ளர்ல அஞ்சு கரண்டி. ரெண்டையும் ஒரே குண்டாவுல ஊத்துனா இனிப்பு நடுவுலதானே சார் நிக்கும்?" என்றாள். அவளுடைய தாயார் பேருந்து நிறுத்தத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். பதினான்கு ஆண்டுகளாக நடத்திவரும் பாடத்துக்கு இவ்வளவு தெளிவான விளக்கம் எனக்கே தோன்றியதில்லை.

இதே மாணவி முதல் பருவத் தேர்வில் கணக்கில் 52 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். விடைகள் பெரும்பாலும் சரி, வழிமுறை எழுதவே இல்லை. தமிழில் எழுத்துப் பிழைகள் அதிகம். "கவனம் இல்லாத பிள்ளை, சன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும்" என்கிறார் வகுப்பாசிரியர். மெல்லக் கற்போருக்கு எங்களிடம் தனிக் கட்டகம் இருக்கிறது, பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், பதிவேடும் உண்டு. மீத்திறன் மாணவர்களைப் பற்றிக் கல்வியியல் பட்டப்படிப்பில் ஒரு பாடம் படித்ததோடு சரி. இவளுடைய திறனை எப்படி உறுதி செய்வது, உறுதியானால் இந்தப் பள்ளியிலேயே என்னால் என்ன செய்ய முடியும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

ஐயா, வணக்கம். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டு இந்தக் குழந்தை எட்டாம் வகுப்பு. தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு, அதாவது நாம் என்.எம்.எம்.எஸ். என்று சொல்வது, அந்த ஒரு வகுப்பில்தான் எழுத முடியும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்ச்சி பெற்றால் 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் அத்திட்டத்தின் விதியில் ஒரு சிக்கல் உண்டு: ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் இருக்க வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50. நீங்கள் சொல்லும் 52 எனக்கு அதனால்தான் உறுத்துகிறது. திறனறியும் தேர்வுக்குள் நுழையவே பாட மதிப்பெண் கேட்கிறார்கள். ஆகவே ஆண்டு இறுதிக்குள் வழிமுறையை எழுதும் பழக்கத்தை இவளுக்கு உண்டாக்குங்கள். அது அவளுடைய அறிவுக்காக அல்ல, இந்தக் கதவுக்காக.

தேர்வில் மனத்திறன் பகுதி 90 வினா, படிப்பறிவுப் பகுதி 90 வினா, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். படிப்பறிவுப் பகுதியில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. இவளைப் போன்ற பிள்ளைக்கு மனத்திறன் பகுதி விளையாட்டு. சமூக அறிவியல்தான் காலை வாரும். நான் பணியிலிருந்தபோது எங்கள் பள்ளியில் மிகச் சிறப்பாகக் கணக்குப் போட்ட ஒரு பையன் அந்த 35 வினாக்களில் பாதியைக்கூடத் தொடாமல் வெளியே வந்தான்.

பிறகு 9ஆம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. வருவாய் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் எடுப்பார்கள். உதவித்தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய். அந்தத் தொகை இன்று எதற்குப் போதும் என்று கேட்காதீர்கள், சான்றிதழுக்காகவே எழுத வையுங்கள். 2023இல் 11ஆம் வகுப்பு அரசுப் பள்ளி மாணவர்களுக்காக முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு தொடங்கப்பட்டது. 500 மாணவர், 500 மாணவியருக்கு இளநிலைப் பட்டம் முடிக்கும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று அப்போது அறிவித்தார்கள்.

இன்னொன்று. பிள்ளை கெட்டிக்காரி என்று ஊரில் பேச்சு வந்தவுடன், கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஏதாவது ஒரு தனியார் பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஆள் வரும். பெற்றோரும் மகிழ்ந்து அனுப்பிவிடுவார்கள். 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைக்கும் என்பதை அந்தத் தாயாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். எட்டாம் வகுப்பு முடிந்ததும் மாவட்டத்தில் உள்ள அரசு மாதிரிப் பள்ளிக்கு முயற்சி செய்யலாம். 9 முதல் 12 வரை விடுதியோடு படிக்கலாம். என்னைக் கேட்டால் அதுதான் சரியான இடம்.

கல்வி உளவியல் கற்பிப்பவர்

ஐயா சொன்ன தேர்வுகள் எல்லாம் தேவையானவை, மறுப்பதற்கில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் முதலில் கேட்டது, எப்படி உறுதி செய்வது என்பதை. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உறுதி செய்வது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) சோதனை. ஆனால் சர்க்கரைத் தண்ணீர் விளக்கத்தைச் சொன்ன பிள்ளைக்கு அந்த எண் எதற்கு? அந்தச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. 1921இல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவின் பள்ளிகளிலிருந்து நுண்ணறிவுச் சோதனை வழியாக ஏறத்தாழ 1,500 குழந்தைகளைப் பொறுக்கியெடுத்து, அவர்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். சோதிக்கப்பட்டு, மதிப்பெண் போதாது என்று விடப்பட்டவர்களில் இருவர், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வாரெஸும், பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றார்கள். ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழந்தைகளில் ஒருவரும் அப்பரிசைப் பெறவில்லை.

என்னுடைய கவலை உங்கள் மாணவியைப் பற்றியது அல்ல. அவளை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அதுவும் ஓர் ஆசிரியர் விடுப்பு எடுத்த தற்செயலால். அதே பின்வரிசையில் வாய் திறக்காமல் இருந்த வேறு பிள்ளைகளை யார் பார்ப்பது? ஆசிரியரின் பரிந்துரையை மட்டும் நம்பினால், சுத்தமான கையெழுத்து, கையைத் தூக்கும் பழக்கம், படித்த பெற்றோர் ஆகியவை உள்ள பிள்ளைகளே பட்டியலில் வருவார்கள். ஃபுளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில் முன்பு பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைத்த பிள்ளைகளை மட்டுமே சோதித்துவந்தார்கள். பின்னர் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் மொழி தேவைப்படாத உருவச் சோதனை ஒன்றை வைத்தார்கள். தகுதி பெற்றவர்களில் ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்துப் பிள்ளைகள் ஆகியோரின் எண்ணிக்கை பெருமளவு கூடியது. பணப் பற்றாக்குறையால் அந்தச் சோதனையை நிறுத்தியதும் எண்ணிக்கை பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. கார்டு, ஜூலியானோ என்ற இரு பொருளியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள்.

உங்கள் பள்ளியில் இதைச் செலவில்லாமல் செய்யலாம். பழைய என்.எம்.எம்.எஸ். மனத்திறன் வினாத்தாள்களிலிருந்து உருவங்களை மட்டும் கொண்ட வினாக்கள் இருபதை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் படிக்கத் தேவையில்லாதவையாக இருக்கட்டும். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளின் பிள்ளைகள் அனைவருக்கும், தேர்வு என்று சொல்லாமல், ஒரு பிற்பகலில் கொடுங்கள். முதலிடம் யாருக்கு என்று பார்க்க வேண்டாம். பருவத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இதற்கும் பெரிய இடைவெளி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். இதைக் கொண்டு யாரையும் மீத்திறன் மாணவர் என்றோ அல்லர் என்றோ முத்திரை குத்திவிடக் கூடாது. யாரிடம் இன்னும் ஒரு முறை பேசிப் பார்க்க வேண்டும் என்பதற்கான பட்டியல் அது, அவ்வளவே.

எழுத்துப் பிழைகள் அதிகம் என்று நீங்கள் போகிற போக்கில் சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். மிகுந்த திறனும் கற்றல் குறைபாடும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தே இருக்கக்கூடும். அப்போது ஒன்றை மற்றொன்று மறைத்துவிடும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் அவளுடைய தமிழ் நோட்டைக் காட்டி, ஒரு கருத்துக் கேளுங்கள்.

முன்னாள் என்.எம்.எம்.எஸ். மாணவி

நான் அந்த உதவித்தொகையைப் பெற்றுப் படித்தவள். இப்போது கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பணம் வீட்டுக்கு உதவியது, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் தேர்வில் வென்ற பிறகு நான்கு ஆண்டுகளில் ஒருவரும் எனக்கு ஒரு புதுக் கணக்கைக் கொடுத்ததில்லை. காலை வணக்கக் கூட்டத்தில் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள், பிறகு நான் சட்டாம்பிள்ளை ஆனேன். ஆசிரியர் அலுவலக வேலையாகப் போகும்போது வகுப்பைப் பார்த்துக்கொள்வது, பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவது, மற்றவர்களின் நோட்டைத் திருத்துவது. எல்லாருக்கும் முன்பே கணக்கை முடித்துவிட்டால், அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கிடைக்கும். விரைவாக முடித்ததற்குத் தண்டனை போல இருக்கும். சில மாதங்களில் மெதுவாகப் போடக் கற்றுக்கொண்டேன்.

ஆகவே ஐயா, இவளுக்கு எட்டாம் வகுப்புக் கணக்கை முன்கூட்டியே நடத்திவிடுவதோ, முற்காலத்து டபுள் புரமோஷனைப் போல ஏதேனும் செய்ய முயல்வதோ எனக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. அவள் கண்டுபிடித்ததிலேயே அவளை ஆழமாக இறக்குங்கள். 3/4 என்பதும் 6/8 என்பதும் ஒன்றுதானே? அப்படியானால் 6/8ஐயும் 5/6ஐயும் அவளுடைய முறையில் கலக்கச் சொல்லுங்கள். 11/14 வரும். அதுவும் நடுவில்தான் இருக்கிறது, ஆனால் 8/10 அல்ல. பின்னம் மாறவில்லை, விடை மட்டும் ஏன் மாறியது? இதை நீங்கள் விளக்க வேண்டாம், கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். பிறகு 0/1, 1/1 ஆகிய இரண்டில் தொடங்கி, நடுவில் கலந்துகொண்டே போனால் என்னென்ன பின்னங்கள் வரும், ஏதாவது ஒரு பின்னம் வராமல் போகுமா என்று கேளுங்கள். ஒரு மாதத்துக்குப் போதும். தனியாக ஒரு நோட்டு கொடுங்கள், அதற்கு மதிப்பெண் போடாதீர்கள். தமிழிலேயே படிக்கத் 'துளிர்' மாத இதழ் இருக்கிறது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அவளை மற்றவர்களோடு சேர்த்து ஓர் ஆய்வு செய்ய வையுங்கள். அங்கு தாய்மொழியிலேயே பேசலாம்.

மாதிரிப் பள்ளியைப் பற்றித் தலைமையாசிரியர் ஐயா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒவ்வோர் ஊரிலிருந்தும் நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளையை எடுத்து ஓரிடத்தில் சேர்த்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு நல்லதுதான். ஆனால் பின்வரிசையிலிருந்து வந்த ஒரு விடையால் அந்த எட்டாம் வகுப்பு முழுவதற்கும் அன்று ஒரு புதிய பாடம் நடந்ததே, அது இனி அங்கு நடக்காது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

மகளே, நியாயம்தான். ஆனாலும் நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் உயர்நிலைப் பள்ளி எத்தனை கிலோமீட்டர், பேருந்து எப்போது வரும், பெண் பிள்ளையை அனுப்புவார்களா என்பதைப் பார்த்துத்தான் நான் விடுதியைச் சொன்னேன். எங்கள் ஊரில் எட்டாம் வகுப்போடு நின்று, மூன்றாம் ஆண்டில் திருமணமாகிப் போன கெட்டிக்காரப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். முடிவைத் தாயாரும் பிள்ளையும் எடுக்கட்டும்.

ஒன்றியப் பள்ளி கணக்கு வாத்தியார்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

6/8 கேள்வியைக் கேட்டேன். ஒரு நாள் முழுவதும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வணக்கத்துக்கு முன்பே வந்து, "இந்தப் பக்கம் இப்ப எட்டு தம்ளர் ஆயிடுச்சுல்ல சார், அதனால இனிப்பு இந்தப் பக்கம் இழுக்குது" என்றாள். அதை எழுதச் சொன்னேன். நான்கு வரி எழுதினாள், ஏழு பிழைகளோடு. பிழைகளைத் திருத்தவில்லை, நோட்டைச் சிறப்பாசிரியரிடம் காட்டியிருக்கிறேன், அடுத்த வாரம் பள்ளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உருவ வினாக்களை மூன்று வகுப்புக்கும் கொடுத்தேன். இவள் இருபதுக்குப் பதினேழு. ஆறாம் வகுப்பில் ஒரு பையன் பத்தொன்பது வாங்கியிருக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் ஆடு மேய்க்கப் போய்விடுவதால், அவனுடைய பெயர் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. திங்கட்கிழமை அவன் வந்தால் பேச வேண்டும். பழைய மனத்திறன் வினாத்தாள்கள் தமிழ் வழியில் யாரிடமாவது தொகுப்பாக இருந்தால் இங்கே பகிர வேண்டுகிறேன்; என்னிடம் இருந்தவை தீர்ந்துவிட்டன.