4,000 பேர் ஆடும் பெயின்ட்பால் போருக்கு முதல்முறை போகிறேன், என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

எடிசன்வாசி:

வணக்கம். நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன், வயது 39. ஆபீஸில் ஐந்து பேர் சேர்ந்து என்னையும் இழுக்கிறார்கள். ஜூலையில் பென்சில்வேனியா போக்கனோ மலைப்பக்கம், ஸ்கர்மிஷ் மைதானத்தில் நடக்கும் 'இன்வேஷன் ஆஃப் நார்மண்டி', இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படை பிரான்ஸ் கரையில் இறங்கியதை ஆடிப் பார்ப்பது. ஒரு பக்கம் நேச நாடுகள், மறுபக்கம் ஜெர்மனி, நாலாயிரம் பேர் வருவார்கள் என்கிறார்கள். நான் இதற்குமுன் ஆடியது ஒரே தடவை, அதுவும் நண்பர் மகனின் பிறந்தநாளுக்குப் பத்துப் பேரோடு. அன்றைக்கு முதுகில் வாங்கியது இரண்டு வாரம் நீலமாக இருந்தது.

சொந்த மார்க்கர் (பெயின்ட் உருண்டை சுடும் துப்பாக்கி) வாங்க வேண்டுமா, வாடகை போதுமா? இடது முழங்கால் கொஞ்சம் தகராறு, தாங்குமா? இன்னொன்று, சிரிக்காதீர்கள். நான் சுத்த சைவம். அந்த உருண்டையின் தோல் ஜெலட்டின் என்று படித்தேன். வாயில் பட்டால்?

வீட்டில் ஒரு கேள்வி கேட்டாள்: "காசு குடுத்து எதுக்கு அடி வாங்கப் போறீங்க?" அதற்கும் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

டல்லாஸ் கரூரான்:

கடைசிக் கேள்விக்குப் பதில் கிடையாது. என் வீட்டிலும் பல வருஷமாக அது நிலுவையில்தான் இருக்கிறது. மற்றதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நீங்கள் சொல்லும் மைதானத்துக்கு நான் போனதில்லை. நான் ஆடியது அதே நார்மண்டி இறக்கத்தை வைத்து நடந்த 'ஒக்லஹோமா டி-டே'யில், 2011இலும் 2012இலும். டல்லாஸிலிருந்து ஐந்து மணி நேர டிரைவ், வயாண்டாட் என்று ஒரு சின்ன ஊர். பக்கத்து ஊர்ப் பெயரை 'மயாமி' என்று எழுதிவிட்டு 'மயாமா' என்று கூப்பிடுவார்கள். நார்மண்டியில் இறங்கிய ஒரு வீரரின் பேரன் தாத்தா நினைவாக 1997இல் தொடங்கிய ஆட்டம் அது. நல்ல காலத்தில் 4,000 பேர்வரை வந்தார்கள். பதிவு செய்யும்போதே எந்தப் படைப்பிரிவு என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நான் போட்டது 29ஆவது டிவிஷன். வரலாறு படித்துவிட்டுப் பதிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். 1944 ஜூன் 6 காலையில் நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் முதல் அலையாக இறங்கியவர்களில் அவர்கள் உண்டு. ஆட்டத்திலும் அப்படியே இறக்கிவிட்டார்கள்.

கடலெல்லாம் கிடையாது. ஒரு சரிவு, அதன் அடியில் பிளைவுட்டில் அடித்த படகு போன்ற பெட்டிகள், முன்பக்கம் கீழே விழும் கதவு. முப்பது நாற்பது பேரை உள்ளே நிறுத்தி வைத்தார்கள். ஜூன் மாத ஒக்லஹோமா வெயில். முன்னால் நின்றவர் முதுகில் வியர்வை உப்பாகக் காய்ந்து வரி வரியாகத் தெரிந்தது. யாரோ ஒருவர் வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தண்ணீரைப் பாட்டிலோடு சுற்றுக்கு விட்டார், தசை பிடிக்காமல் இருக்குமாம். மாஸ்க்கைக் கழற்றக் கூடாது என்பதால் ஸ்ட்ரா போட்டுக் குடித்தோம். நம் ஊர் நீர்மோரின் தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன். பரவாயில்லை.

கதவு விழுந்தது. அதற்கு முன்பே சத்தம் கேட்டது, முறத்தில் புளியங்கொட்டையைக் கொட்டுகிற மாதிரி. அத்தனையும் பிளைவுட்டில் உடைகிற உருண்டைகள். நான் எத்தனை அடி எடுத்து வைத்தேன் தெரியுமா? ஆறு. விரல் கணுவில் ஒன்று, மாஸ்க்கில் இரண்டு. கையைத் தூக்கிக்கொண்டு செத்தவர்கள் நிற்கும் இடத்துக்கு நடந்தேன், காத்திருந்தேன், மறுபடி பெட்டி. இரண்டாம் தடவை பத்தடி. மூன்றாவதில் வாசலிலேயே. நான்காவது தடவைதான் ஒரு மரக்கட்டைக்குப் பின்னால் போய் விழுந்தேன்.

அந்தக் கட்டைக்குப் பின்னால் ஏற்கெனவே ஒருவர் படுத்திருந்தார். அர்கன்ஸாவில் பிளம்பராம், அறுபது வயதிருக்கும். அவர் சுடவே இல்லை, காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார். மேலே பங்கரில், அதாவது பதுங்கு அரணில், இருப்பவனின் ஹாப்பரில் (மார்க்கர் மேல் இருக்கும் உருண்டை டப்பா) ஏறக்குறைய 200 உருண்டை பிடிக்கும். காலியானதும் இடுப்பிலிருந்து பாட் என்ற உருண்டைக் குப்பியை எடுத்துக் கொட்ட வேண்டும். மூடி திறக்கிற சத்தம், உருண்டைகள் சலசலவென்று விழுகிற சத்தம், அதற்கு மூன்று நொடி. "இப்போ" என்று என் பூட்ஸில் தட்டினார். இரண்டு பேரும் எழுந்து அடுத்த கட்டைக்கு ஓடினோம். நாற்பது நிமிஷத்தில் நான்கு கட்டை தாண்டினோம். அந்த வார இறுதியில் எனக்கு நினைவிருப்பது அந்த நாற்பது நிமிஷம்தான். எத்தனை பேரை அடித்தேன் என்று கேட்டால் தெரியாது.

அதனால் நான் சொல்வது: சுடுவதற்காகப் போகாதீர்கள். பெரிய ஆட்டத்தில் பாதி நேரம் நடை, கால்வாசி காத்திருப்பது. தனியாகச் சுற்றினால் மதியத்துக்குள் அலுத்துவிடும். ஒரு சின்னக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஏதாவது ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். பாலத்தைப் பிடிப்பதோ, செய்தி கொண்டு போவதோ, மெடிக் வேலையோ எதுவானாலும் சரி. முதன்முதலில் இந்த ஆட்டம் ஆடியபோதே இதுதான் கதை. 1981 ஜூன் 27, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிகர் என்ற ஊர்க் காட்டில் பன்னிரண்டு பேர், கையில் மரங்களுக்கு அடையாளம் போடும் பெயின்ட் துப்பாக்கி. கொடிகளையெல்லாம் எடுத்து ஜெயித்தவர் காட்டில் வேலை பார்க்கும் ஆள். ஒரு தடவைகூடச் சுடாமல் ஜெயித்தார்.

இனி உங்கள் கேள்விகள். வலி: உருண்டை 3 கிராம்தான், ஆனால் பெரும்பாலான மைதானங்களில் நொடிக்கு 280 முதல் 300 அடி வேகம்வரை விடுவார்கள். 300 என்றால் மணிக்கு 330 கிலோமீட்டர் பக்கம். தூரத்திலிருந்து வந்தால் சுண்டிவிட்ட மாதிரி, கிட்டத்தில் பட்டால் தாத்தா தெரிவார். பிறந்தநாள் விழாவில் உங்களுக்குப் பட்டது மெல்லிய டி-ஷர்ட்டில் என்று நினைக்கிறேன். தொளதொளவென்று முழுக்கைச் சட்டை, உள்ளே ஒரு பனியன், விரல் மூடிய கையுறை, கழுத்துக்கு ஒரு துண்டு. அது போதும்.

மார்க்கர் வாடகைக்கு எடுங்கள். மாஸ்க் மட்டும் சொந்தமாக, இரட்டைக் கண்ணாடி உள்ளதாக வாங்குங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் பட்டேன். முதல் வருஷம் மலிவாக ஒற்றைக் கண்ணாடி மாஸ்க், உள்ளே என் மூக்குக்கண்ணாடி. பத்து நிமிஷத்தில் இரண்டும் பனிமூட்டம். அங்கே மாஸ்க்கை நெற்றிக்குத் தூக்குவதுதான் பெரிய பாவம், கண் போய்விடும். குப்புறப் படுத்து "ரெஃப்ரி" என்று கத்தினேன். அவர் வந்து முழங்கையைப் பிடித்து, கண் ஆபரேஷன் முடிந்த பெரியவரை வார்டுக்குக் கூட்டிப்போவது போல் வெளியே கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் சண்டை நடந்துகொண்டிருந்தது.

உருண்டை ஒரு கேஸ் என்றால் 2,000. பெரிய ஆட்டங்களில் வெளியே வாங்கியதை உள்ளே விடாத இடம் அதிகம், விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். முதல் நாளே வாங்கி டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். வெயிலிலும் ஈரத்திலும் வீங்கிக் கோணலாகி, பேரலுக்குள்ளேயே உடைந்து தொலைக்கும்.

ஜெலட்டின் விஷயம் உண்மைதான், தோல் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டின். உள்ளே இருப்பது பாலிஎத்திலீன் கிளைக்காலும் சாயமும், தண்ணீரில் கழுவினால் போய்விடும். மாஸ்க்கின் வாய்ப்பக்கத் துளை வழியாகத் தெறிக்கத்தான் செய்யும். நான் முட்டைகூட நுழையாத வீட்டில் பிறந்தவன். ஒருமுறை உள்ளே போயிற்று. வேப்பெண்ணெய் அமிர்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. துப்பிவிட்டு வாய் கொப்பளித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

முழங்காலுக்கு நல்ல பேட். படுத்து எழுவதுதான் காலை வாங்கும், ஓட்டம் அல்ல.

மறந்தே போனேன், பூச்சி. ஒக்லஹோமாவில் சிக்கர் என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்று, இடுப்புப் பட்டையும் சாக்ஸ் விளிம்பும் அதற்குப் பிரியமான இடங்கள். திங்கட்கிழமை மீட்டிங்கில் மேசைக்கு அடியில் சொறிந்துகொண்டே பேசினேன். உங்கள் பென்சில்வேனியாவில் உண்ணி, லைம் நோய் வரும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகுங்கள், துணிக்குப் பெர்மெத்ரின் பூச்சிமருந்து அடியுங்கள், ராத்திரி குளிக்கும்போது அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் தடவிப் பாருங்கள்.

பழைய பேப்பர்:

ஒரு சந்தேகம். ஜெர்மன் பக்கம் ஆட யார் வருவார்கள்? நாஜிகளாக வேஷம் போடுவதில் கூச்சம் இல்லையா?

தொடர்பில்லாத ஒரு தகவல்: போஸ் ஜெர்மனியில் அமைத்த இந்தியப் படைப்பிரிவும் 1944இல் பிரான்ஸின் அட்லாண்டிக் கரையில்தான் இருந்தது, ஆனால் நார்மண்டியில் அல்ல. தெற்கே போர்தோ பக்கம் லக்கனோ என்ற ஊரில். நேச நாட்டுப் படை அந்தக் கரையில் இறங்கியிருந்தால் நம்மவர்கள் பங்கருக்குள் இருந்திருப்பார்கள்.

டல்லாஸ் கரூரான்:

நிறையப் பேர் வருவார்கள். நானே இரண்டாவது வருஷம் அந்தப் பக்கம்தான் பதிந்தேன். கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை. பங்கருக்குள் நிழல் உண்டு. நான் இருந்த பிரிவு 352, ஒமாஹாவில் உண்மையில் எதிரே நின்ற டிவிஷன். ஸ்வஸ்திகாவை நான் யார் சட்டையிலும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் திரும்பி வந்திருப்பேன். ஆனாலும் கூச்சம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். கதவு விழுந்ததும் கீழே ஆட்கள் வரிசையாக வெளியே வருகிறார்கள், நான் மேலே உட்கார்ந்து அடித்துக்கொண்டே இருக்கிறேன். ரொம்பச் சுலபமாக இருந்தது. அன்று மதியத்துக்கு மேல் மைதானத்தில் இருந்த ஆட்டக் கிராமத்துப் பக்கம் போய்விட்டேன்.

ஸ்காபரோ அண்ணை:

நான் கனடாவில் இருக்கிறன். வேலையிடத்துப் பெடியள் கூப்பிட ஒருக்கா போனனான், இவ்வளவு பெரிசில்லை, இருநூறு பேர் வரும். தொடங்கிறதுக்குச் சைரன் அடிச்சவங்கள். எல்லாரும் முன்னுக்கு ஓடினம், நான் மட்டும் முகம் குப்புறக் கிடக்கிறன், எப்ப விழுந்தனெண்டே தெரியாது. "உனக்கு நல்லாத் தெரியுது விளையாட" எண்டு ஒருத்தன் தோளில தட்டினான். யாழ்ப்பாணத்தில பழகினது எண்டு நான் சொல்லேல்லை. இப்ப மகன் போறவன், நான் காரில கொண்டுபோய் விட்டிட்டுக் கார் பார்க்கில இருந்து பேப்பர் வாசிக்கிறது. அவனுக்கு நல்ல விருப்பம். தம்பி, சைரனோ புகைக்குண்டோ பாவிக்கினமோ எண்டு முதலே கேட்டு வையுங்கோ. உங்களுக்கில்லாட்டிலும் கூட வாறவையில ஆருக்காவது தேவைப்படும்.

டல்லாஸ் கரூரான்:

அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஆட்டத்தில் புகை இருந்தது.

எடிசன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. மாஸ்க் ஆர்டர் போட்டாயிற்று, இரட்டைக் கண்ணாடி. சைரன், புகை பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறேன். எங்கள் கூட்டத்தில் ஒருவன் ஈராக் போய்வந்தவன், அவனிடமும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை, தலையை ஆட்டிக்கொண்டான்.

மெடிக் வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறேன். வீட்டில் விளக்கினேன்: அடிபட்டுக் கிடக்கிறவனைத் தொட்டு எழுப்பிவிடுவதுதான் வேலை, சுட வேண்டிய அவசியமே இல்லை என்று.

"அப்ப நீங்க யாரையும் அடிக்க மாட்டீங்க, அடி மட்டும் வாங்கிட்டு வருவீங்க" என்றாள்.

டல்லாஸ் கரூரான்:

மெடிக் கையிலும் மார்க்கர் கொடுப்பார்கள் என்று சொல்லிப் பாருங்கள்.