மறு: ‘சூஸ்’ - ‘நிகழ்வு இணைப்பு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கன்கரன்ட் எம்எல் என்பது பல வேலைகளை ஒருங்கே நடத்த உதவும் நிரல்மொழி. பல ‘ஈவென்ட்’களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவும் அதன் ‘சூஸ்’ செயற்கூறை (ஃபங்ஷன்) தமிழில் ‘நிகழ்வு இணைப்பு’ என்று சொல்லலாம் என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. இணைப்பு என்றதும் எல்லாம் சேர்ந்து நடக்கும் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே பலவற்றை முன்வைத்துக் காத்திருக்கிறோம்; ஒன்றே ஒன்றுதான் நடக்கும்.

நிரலின் ஓர் இழை (த்ரெட்), பதில் வரும் தடத்தில் (சேனல்) செய்தி வாங்கக் காத்திருக்கிறது என்று வையுங்கள். கூடவே 5 நொடிக் கெடு. கெடு முந்திக்கொண்டால், அந்த இழை தடத்திலிருந்து எதையும் எடுத்திருக்கவே கூடாது. பிந்தி வரும் செய்தி, அடுத்து வாங்க வருபவருக்குச் சிந்தாமல் போய்ச்சேர வேண்டும். இந்த உறுதிதான் சூஸின் உயிர். அது பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

விண்டோஸின் ‘வெயிட் ஃபார் மல்டிபிள் ஆப்ஜெக்ட்ஸ்’ அழைப்பில் ‘எல்லாம் முடியும்வரை காத்திரு’ என்றும் கேட்கலாம். இணைப்பு என்ற சொல்லை அதற்கு விட்டுவைப்போம்.

அப்புறம், ‘நிகழ்வு’. அம்மொழியை உருவாக்கிய ஜான் ரெப்பி 1991-ல் கன்கரன்ட் எம்எல் பற்றி எழுதியபோது சொன்ன ‘ஈவென்ட்’, நடந்த ஒன்று அல்ல. இனி நடத்தக்கூடிய செயலைக் குறிக்கும் மதிப்பு. மாறியில் வைக்கலாம், செயற்கூறிலிருந்து திருப்பித் தரலாம். அதை ‘சிங்க்’ என்ற செயற்கூறிடம் கொடுக்கும்வரை ஒன்றும் நடக்காது. பொத்தானை அழுத்தினால் வருவதை நிகழ்வு என்று ஏற்கெனவே சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள். கைல் ஸ்கீம் என்ற நிரல்மொழியின் ஃபைபர்ஸ் நிரலகத்திலும் இதே பொருளுக்கு ‘ஆபரேஷன்’ என்றே பெயர்.

ஆகவே ஈவென்ட்டுக்கு ‘ஒத்திசை வினை’, சிங்க்குக்கு ‘நிகழ்த்து’. சூஸ் தருவதை ‘தெரிவினை’ எனலாமா என்று பார்த்தேன். ‘தெரிவை’ என்ற பொருளிலும் ‘தெரிவினை’ என்று இரண்டாம் வேற்றுமையில் வருவதால், அதனோடு மயங்கும். ‘ஒன்றுதேர் வினை’ என்பதே தெளிவு. கோ மொழியின் ‘செலக்ட்’ ஒரு கூற்று (ஸ்டேட்மென்ட்), எழுதிய இடத்தோடு முடிந்துவிடும். சூஸ் திருப்பித் தருவதோ இன்னொரு ஒத்திசை வினை. அதை மற்றொரு சூஸுக்குள் போடலாம். அதனால்தான் பெயர்ச்சொல் வேண்டும் என்கிறேன்.

தேர்வாகாத வினையின் மறுமுனைக்குப் போகும் ‘நாக்’, ‘கைவிடல் அறிவிப்பு’ ஆகட்டும். ‘ராப்’புக்குத்தான் திருப்தியான சொல் அகப்படவில்லை. வினை நிகழ்ந்தபின் அதன் விளைவை ஒரு செயற்கூறிடம் ஒப்படைக்கும் வேலை அது. ‘பின்செயல் சேர்’ சரிப்படுமா?