சிகாகோ மாநாட்டுக்குச் சென்றவர்களின் மாலைப் பொழுதுகள்: அனுபவப் பகிர்வு

மாநாட்டுக்காகச் சிகாகோ செல்பவர்கள் பலரும் கேட்பது, காலை முதல் மாலை வரை அமர்வுகளிலேயே பொழுது கழிந்துவிட்டால் ஊரை எப்போது பார்ப்பது என்பதுதான். கோடையில் செல்பவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். ஜூன் மாத இறுதியில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டரை மணி ஆகிவிடுகிறது. ஐந்து மணிக்கு அமர்வுகள் முடிந்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நல்ல வெளிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் நாலைந்து இடங்களுக்கு ஓடாமல், ஒரு மாலைக்கு ஓரிடம் என்று வைத்துக்கொண்டதால்தான் அந்த நகரம் என் மனத்தில் இன்றும் தெளிவாக நிற்கிறது.

எங்கள் மாநாடு நடந்த மெக்கார்மிக் பிளேஸ், மிச்சிகன் ஏரியின் கரையில் அமைந்த மிகப் பெரிய வளாகம். அங்கிருந்து ஏரிக்கரை நடைபாதையில் வடக்கே சென்றால் அருங்காட்சியகங்கள் அடுத்தடுத்து அமைந்த பகுதி வரும். அதைத் தாண்டி, ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலத்தின் முனையில், 1930இல் திறக்கப்பட்ட ஆட்லர் கோளரங்கத்தின் அருகே நின்றால் நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். கட்டணம் செலுத்தி ஏதேனும் ஒரு கட்டடத்தின் உச்சிக்கு ஏறிப் பார்ப்பதைவிட இந்தக் காட்சியே எனக்கு நிறைவாக இருந்தது.

ஒரே ஒரு மாலைதான் கிடைக்கிறது என்பவர்களுக்கு, ஆற்றில் படகில் சென்று கட்டடங்களைப் பார்க்கும் சுற்றுலாவையே நான் பரிந்துரைப்பேன். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீளும் அந்தப் பயணத்தில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் முதிய தன்னார்வலர் ஒருவர். 1871ஆம் ஆண்டின் பெருந்தீயில் நகரத்தின் நடுப்பகுதி அழிந்தபின் மீண்டும் எழுந்த வரலாற்றையும், கழிவுநீர் குடிநீர் ஏரியில் கலக்காமலிருக்க 1900ஆம் ஆண்டில் ஆற்றின் ஓட்டத்தையே எதிர்த்திசைக்குத் திருப்பியதையும் அவர் நிதானமாக எடுத்துரைத்தார். வில்லிஸ் கோபுரம் கண்ணில் பட்டதும் எங்கள் பைகளிலிருந்த மாநாட்டுப் பேனாக்களைக் கேட்டு வாங்கி, ஒன்பது பேனாக்களைச் சேர்த்துக் கட்டாகப் பிடித்து, இரண்டை மட்டும் மேலே உயர்த்திக் காட்டினார். ஒன்பது சதுரக் குழாய்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்படி அமைக்கப்பட்ட அந்த 110 மாடிக் கட்டடத்தில், இரண்டு குழாய்கள் மட்டுமே உச்சிவரை செல்கின்றன. நாங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று அறிந்ததும், இந்த அமைப்பை வகுத்த பொறியாளர் பஸ்லுர் ரகுமான் கான் டாக்காவில் படித்தவர் என்பதை அவர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

மற்றொரு மாலையை ஆர்ட் இன்ஸ்டிடியூட் கலைக்கூடத்துக்கு ஒதுக்கினேன். 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் சர்வ சமயப் பேரவையில் உரையாற்றியது இந்தக் கட்டடத்தில்தான். அவருடைய பயணத்துக்காக அளசிங்கப் பெருமாளும் சென்னை இளைஞர்களும் வீடு வீடாகச் சென்று நிதி திரட்டியதைச் சிறுவயதிலேயே படித்தவர்களுக்கு, அந்த வாசலில் நிற்பதே தனி உணர்வைத் தரும். வெளியே செல்லும் மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைச் சூட்டிய பலகையும் உண்டு. அருகிலுள்ள மில்லினியம் பூங்காவில், மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் வடித்த பளபளக்கும் எஃகுச் சிற்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

மற்றோர் உறுப்பினரின் பகிர்வு:

மேலே எழுதிய நண்பர் உணவைப் பற்றிக் கூறாமல் விட்டதால் அதை நான் சேர்க்கிறேன். சிகாகோவின் ஆழத்தட்டு பீட்சாவை, மாநாட்டில் புதிதாக அறிமுகமானவர்களுடன் சேர்ந்து உண்பதே நல்லது. உயரமான விளிம்புள்ள தட்டில் அது வேக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தால் பாலாடைக்கட்டி கருகிவிடும் என்பதால் அதைக் கீழே இட்டுத் தக்காளிக் கூழை மேலே பரப்புகிறார்கள். நாங்கள் காத்திருந்த அந்த நேரத்தில், அரங்கில் ஐந்து நிமிடம் மட்டுமே பேச முடிந்த ஓர் ஆய்வாளர், தம் ஆய்வு எங்கே தடைபட்டு நின்றது, பிறகு எப்படி நகர்ந்தது என்பதையெல்லாம் எங்களுக்கு விரிவாகச் சொன்னார். அன்று பகலில் கேட்ட எந்த உரையையும்விட அந்தப் பேச்சே எனக்குப் பயன்பட்டது. சைவ உணவு உண்பவர்கள் கீரையிட்ட வகையைக் கேட்டு வாங்கலாம். இரண்டு துண்டுகளிலேயே வயிறு நிறைந்துவிடும். ஆகவே ஆளுக்கொன்று வாங்க வேண்டாம்.

பட்டியலில் உள்ள விலையோடு 10 விழுக்காட்டுக்கு மேல் வரியும், பரிமாறுபவருக்கு 18 முதல் 20 விழுக்காடு வரை அன்பளிப்பும் சேரும் என்பதை முன்னரே கணக்கில் கொள்ள வேண்டும். அலுவலகத்தில் உணவுச் செலவைத் திரும்பப் பெறுபவர்கள், அன்பளிப்பும் குறிக்கப்பட்ட இறுதி ரசீதையே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு மனம் ஏங்கினால் நகரின் வடபகுதியிலுள்ள டெவான் அவென்யூவுக்குச் செல்லலாம். சிவப்புத் தடத் தொடர்வண்டியில் லயோலா நிலையத்தில் இறங்கி 155ஆம் எண் பேருந்தைப் பிடிக்க வேண்டும். இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால், மறுநாள் காலையில் கட்டுரை வாசிக்க இருப்பவர்கள் அந்தப் பயணத்தை மாநாடு முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.